கீழத்துறை மெம்பர்

மணற்கரையில் போய் "நேசையா வீடு எது?" என்று கேட்டால் எந்த நேசையா என்று முழிப்பார்கள். "மெம்பர் வீடு" என்று கேளுங்கள், வாசல் வரைக்கும் கூட வந்து விட்டுவிட்டுப் போவார்கள். இத்தனைக்கும் மனுஷன் முனிசிபாலிட்டி மெம்பராக இருந்தது மூன்றே வருஷம். அதிலும் முதல் கூட்டத்திலேயே ஊர் வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி ஒரு காரியத்தைப் பண்ணினவர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மணற்கரைக்காரனுக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்யும். அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

நேசையாவின் அப்பா திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டில் பனையேறியவர். அந்தக் காலத்தில் பனையேறி செருப்புப் போட்டுக்கொண்டு பெரிய தெருவில் நடக்க முடியாது. ஊர்க்கிணற்றில் வாளி போட முடியாது. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகு மிஷன் பள்ளிக்கூடம் கிடைத்தது, மகன் நாலாம் வகுப்பு வரை போனான். அதற்கு மேல் வாத்தியார் பிரம்பும் அவன் வாயும் ஒத்துப்போகவில்லை. ஓடிவிட்டான். தூத்துக்குடித் துறைமுகத்தில் மண்ணெண்ணெய்த் தகரங்கள் மலையாகக் குவிந்து கிடக்கும். அதை வெட்டி, மடக்கி, ஈயம் பற்றவைத்து வாளியாகவும் விளக்காகவும் ஆக்குகிற வேலையைக் கற்றுக்கொண்டு, மீசை முளைத்த ஆளாகத் தாமிரபரணிக் கரையில் மணற்கரைக்கு வந்து கடை போட்டான். வாளி, குடம், சிம்னி விளக்கு, புனல், எல்லாம் தகரம். சாயர்புரத்துப் பெண் கெசியாவைக் கட்டினான். ஆணி அடித்த மாதிரிப் பேசுகிற பெண். கீழத்தெருவில் கிணற்றோடு ஒரு வீடும் வாங்கினான். அதன்பிறகு 'அவன்' போய் 'அவர்' ஆகிவிட்டார்.

கீழத்தெரு முழுக்க வேதக்காரர்கள். கடைக்காரர்கள், வாத்தியார்கள், குமாஸ்தாக்கள். வரி கட்டுகிறவர்கள், அதனால் ஓட்டு உண்டு. ஓட்டு இருந்தும் அந்தத் தெருவிலிருந்து ஒருத்தர்கூட முனிசிபாலிட்டி நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டிய வருஷம் தேர்தல் வந்தது. ஜவுளிக்கடை பாக்கியசீலன்தான் முதலில் நேசையாவைப் பிடித்தார். தெருவில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"நேசையா, நம்ம தெருவுல உம்மளை மாதிரி வாய் உள்ள ஆளு கிடையாது. நீரு நில்லும். ஜெயிக்க வைக்கது என் பொறுப்பு."

"எனக்கு இங்கிலீசு தெரியாதேவே."

"நாற்காலியில உட்காரதுக்கு என்னத்துக்கு இங்கிலீசு? போய் உட்காரும். நம்ம தெருவுக்கு நாலு விளக்குக் கம்பம் வாங்கிட்டு வாரும். அது போதும்."

ஜெயித்தார். தெருவே திரண்டு, கழுத்து மறைய மாலை போட்டு, கீர்த்தனை பாடிக் கூட்டிக்கொண்டு வந்தது. நேசையா கறுப்பு அல்பாக்கா கோட்டு ஒன்று தைத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்ததைப் பார்த்து கெசியா, "கோட்டு நல்லாத்தான் இருக்கு. அதுக்குள்ள ஆளு இருக்கானான்னு போகப் போகத்தான் தெரியும்" என்றாள். சொன்னாளே தவிர, அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து வயிறு முட்டப் போட்டுத்தான் முதல் கூட்டத்துக்கு அனுப்பினாள்.

வினை அந்தக் கறிக்குழம்பில்தான் இருந்தது.

மத்தியான வெயில். மேலே துணி விசிறிப் பங்கா அசைந்துகொண்டிருந்தது. கோட்டுக்குள் வேர்த்து, வயிறு கனத்து, நேசையாவுக்குக் கண் சொருகிற்று. சேர்மன் ஐயம்பெருமாள் பிள்ளை பெரிய வக்கீல். தீர்மானத்தை இங்கிலீஷில் வாசிக்க ஆரம்பித்தார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, ஒரே ராகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் பாதிரி ஐயர் நீட்டி முழக்குகிற ஜெபம் அச்சு அசல் இதே ராகம்தான். நேசையா தன்னையறியாமல் தலையைக் குனிந்தார், கையைக் கோத்தார், கண்ணை மூடினார். சேர்மன் வாசித்து முடித்து மூச்சு விட்டார். அவ்வளவுதான்.

"ஆமென்!" என்றார் நேசையா. கோயிலில் கடைசி வரிசை வரை கேட்கிற குரல் அவருக்கு.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பள்ளிவாசல் தெரு மெம்பர் அசன் மைதீனுக்குத் தாடி குலுங்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேர்மன் மட்டும் சிரிக்கவில்லை. கெட்டிக்காரர். "நம்ம புது மெம்பர் தெய்வ சாட்சியா ஆதரிச்சுட்டாரு. அந்த வார்டு மெம்பரே சம்மதிச்ச பிறகு வேற யாரு மறுக்கப் போறா? நிறைவேறியது" என்று மேசையைத் தட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாய்க்காகவே மெம்பரானவர் வாயாலேயே மாட்டிக்கொண்டார்.

படியிறங்கும்போது அசன் மைதீன் விஷயத்தைத் தமிழில் சொன்னார். ஆற்றின் கீழத்துறையை வெளியூர்த் தோல் வியாபாரி ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவது. அங்கே தோல் ஊறவைக்கவும் கழுவவும் கொட்டகை போட்டுக்கொள்வார். அந்தக் குத்தகைப் பணத்தில் கீழத்தெருவுக்கு விளக்குக் கம்பம்.

நேசையாவுக்கு முதலில் குளிர்ந்துதான் போயிற்று. சொன்ன விளக்கு வந்துவிட்டதே! விளக்கு என்றால் தகரவேலை தன் கடைக்குத்தானே வரும்! தெருவுக்கு வந்து மார்தட்டிச் சொன்னார். பாக்கியசீலன் கட்டிப்பிடித்துக்கொண்டார். 'ஆமென் மெம்பர்' என்று ஊர் வைத்த பெயரைக்கூட அவர் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு சந்தனமாரி வந்தாள். கீழத்தெருவுக்கும் கிழக்கே, ஆற்றை ஒட்டி, வயல்வேலைக்குப் போகிற சனங்களின் குடியிருப்பு. அங்கே இருப்பவள். அவர்களுக்குக் கிணறு கிடையாது, வரி கிடையாது, ஓட்டும் கிடையாது. உள்ளது கீழத்துறை ஒன்றுதான். மேலத்துறையில் கால் வைத்தால் மேலத்தெருக்காரர்கள் குடத்தை உடைத்து விரட்டுவார்கள். அவள் இடுப்பில் இருந்தது நேசையா கடைத் தகரக்குடம். அதைக் கடைக்கு வெளியே தரையில் வைத்தாள்.

"என்ன சந்தனமாரி, ஒழுகுதா?"

"ஒழுகலை மொதலாளி. நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஏன்?"

"தண்ணியில்லாத வீட்டுக்குக் குடம் என்னத்துக்கு? தொறையத் தோலுக்கு விட்டாச்சாமே. நீங்கதான் சாமி பேரச் சொல்லிச் சம்மதிச்சீயளாம்." கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிப் பைய சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். குடம் கடை வாசலில் கிடந்தது.

நேசையாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தோல் ஊறுகிற தண்ணீரை மாடுகூட மோந்து பார்க்காது. அத்தனை சனமும் எங்கே போகும்? தன் அப்பா ஊர்க்கிணற்றுப் பக்கம் தூர நின்று, யாராவது ஊற்றுவார்களா என்று காத்திருந்தது ஞாபகம் வந்து நெஞ்சை அறுத்தது. வெட்கத்தில் காது சுட்டது. கெசியாவிடம் சொன்னார்.

"வாயால கெட்டீய. வாயாலேயே சரி பண்ணுங்க" என்றாள் அவள். "அதுக்குத்தானே கோட்டு?"

சேர்மனிடம் போனார். நிறைவேறிய தீர்மானத்தை மூன்று மாசத்துக்குத் தொடக்கூடாது, அது விதி என்று கையை விரித்தார் சேர்மன். நல்லவேளை, தோல் வியாபாரி இன்னும் கொட்டகை போட வரவில்லை. மூன்று மாசமும் நேசையா சும்மா இருக்கவில்லை. மெம்பர் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நடையாய் நடந்தார். சிலர் ஆமென் சொல்லிக் காட்டச் சொல்லிக் கேலி பண்ணினார்கள். சிரித்துக்கொண்டே சொல்லிக் காட்டிவிட்டு விஷயத்தைப் பேசினார். அசன் மைதீன் கூடவே வந்தார். "ஏம்வே, சிரிச்ச பாவத்துக்கு நானும் நடக்கேன்" என்பார். எண்ணிப் பார்த்தால் பாதிக்குப் பாதி வந்தது. தானிய வியாபாரி பிச்சைக்கண்ணு செட்டியார் மட்டும் பிடி கொடுக்கவில்லை. அவர் கை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் ஜெயம்.

இதற்குள் கீழத்தெருவில் விஷயம் கசிந்து, பாக்கியசீலன் கடைக்கே வந்துவிட்டார்.

"என்னவே நேசையா, விளக்கு வேண்டாம்னு சொல்லப் போறீராமே? உமக்கு ஓட்டுப் போட்டது நாங்களா, ஆத்தங்கரைக்காரனா?"

"நீங்கதான்."

"அப்போ?"

"விளக்கு இல்லன்னா தடுமாறித்தான் நடப்போம். தண்ணி இல்லன்னா அவிய செத்துல்லா போவாவ?"

"சாகட்டும்னு நான் சொல்லலை. அவனுக வேற இடம் பாத்துக்கிடட்டும். நீரு எங்க மெம்பர். அடுத்த தேர்தலை நினைச்சுக்கிட்டுக் கை தூக்கும்." பாக்கியசீலன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

கூட்ட நாள் வந்தது. கீழத்தெருக்காரர்கள் பார்க்கிறவர்கள் பெஞ்சியில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நடுவில் பாக்கியசீலன். ஆற்றங்கரைச் சனங்களுக்கு உள்ளே வர இடமில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். பெண்கள் கையில் கீழத்துறைத் தண்ணீரோடு குடம். நேசையா அன்றைக்குக் கஞ்சி மட்டும்தான் குடித்துவிட்டு வந்திருந்தார். எழுந்து பேச ஆரம்பித்தார்.

"இங்கிலீசுல பேசணும்" என்றார் சேர்மன்.

"தண்ணி கேக்கதுக்கு என்ன பாஷைவே வேணும்? தாகத்துக்கு எனக்குத் தமிழ்தான் தெரியும்" என்றார் நேசையா. அசன் மைதீன் மேசையைத் தட்டினார். நேசையா தான் தூக்கத்தில் ஆமென் சொன்னதை ஒளிக்காமல் சொன்னார். கறிக்குழம்பைக்கூட விடவில்லை. சபை சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஆற்றங்கரைச் சனத்துக்குப் போக்கிடம் இல்லாததைச் சொன்னார். "கீழத்துறைத் தண்ணி பாபநாசத்துல இருந்து வார அதே தண்ணிதான். மேலத்துறையில குடிச்சாத் தீர்த்தம், கீழத்துறையில குடிச்சாத் தோல் கழுவுத தண்ணியா?" என்று கேட்டு உட்கார்ந்தார்.

பிச்சைக்கண்ணு செட்டியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பேச்சு நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்கிடாதேயும். நீரு அந்தச் சனத்துக் கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருக்கீரா?"

நேசையா ஜன்னல் வழியே வேப்பமரத்தடியைப் பார்த்தார். குடித்ததில்லை. எத்தனை வருஷமாக அவர்களுக்குக் குடம் விற்கிறார்! குடத்தைத் தரையில் வைப்பார், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கீழத்தெருவில் அதுதான் வழக்கம். வேதம் வந்தது, அந்த வழக்கம் போகவில்லை. தன் அப்பாவைத் தூர நிறுத்தினவர்களைத் திட்டிய வாய், இவர்களைத் தூர நிறுத்தியதை நினைத்ததே இல்லை.

"உம்ம வாயில வைக்காத தண்ணிக்கு எங்க கையை என்னத்துக்குவே தூக்கச் சொல்லுதீரு?" என்றார் செட்டியார். சேர்மன் புன்னகை பண்ணினார்.

நேசையா எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போனார். படியிறங்கி வேப்பமரத்தடிக்குப் போய் சந்தனமாரி முன்னால் நின்றார். ஜன்னலில் மெம்பர்கள் தலை, வாசலில் கீழத்தெருக்காரர்கள் தலை.

"சந்தனமாரி, ஊத்து."

அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். "வேண்டாம் மொதலாளி. உங்க தெருக்காரவ அத்தனை பேரும் பாத்துக்கிட்டு நிக்காவ. நாளைக்கு உங்களைச் சேக்க மாட்டாவ."

"பாக்கட்டும். ஊத்து தாயி." கையைக் குவித்துக் குனிந்தார். அவள் மண்குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் மீசையில் விழுந்தது, அல்பாக்கா கோட்டில் வழிந்தது. குடித்தார். போதும் என்று நிறுத்தாமல் மூச்சு வாங்க, வயிறு நிறையக் குடித்தார். நல்ல தண்ணீர். அதைக் குடிக்கும்போது அவருக்கு அழுகை வந்தது, கூடவே ஒரு கர்வமும் வந்தது.

சொட்டச் சொட்ட உள்ளே வந்து உட்கார்ந்தார். பெஞ்சியிலிருந்து பாக்கியசீலன் எழுந்து போனார், பின்னாலேயே தெருக்காரர்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள். "மனுசன் செஞ்சு காட்டிட்டாருல்லா. அப்புறம் என்ன?" என்று பிச்சைக்கண்ணு செட்டியார் கையைத் தூக்கினார். ஒரே ஒரு கை அதிகத்தில் குத்தகை ரத்தாயிற்று.

வெளியே குலவைச் சத்தம் எழுந்தது. கீழத்தெருவிலோ எழவு விழுந்த மாதிரி அமைதி. அந்த மாசமே கோயில் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் என்கிற பொது விருந்து. தெருவே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அசனத்தில் பெரியவன் சின்னவன் கிடையாது, கிடைத்த இலையில் உட்கார வேண்டும். நேசையா உட்கார்ந்தார். இந்தப் பக்கத்து இலைக்காரர் எழுந்து போனார். அந்தப் பக்கத்து இலைக்காரரும் எழுந்து போனார். பந்தி முழுக்க ஆள், நேசையாவுக்கு இருபுறமும் வெறும் இலை. அவர் சோற்றைப் பார்த்தபடி இருந்தார். கை எழவில்லை.

பெண்கள் பந்தியிலிருந்து கெசியா எழுந்து வந்தாள். ஆண்கள் பந்திக்குள் பெண் வந்து உட்காருகிறது மணற்கரையில் நடந்ததே இல்லை. அவள் பாட்டுக்கு வந்து, முந்தானையைச் செருகி, அவர் பக்கத்து இலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "சாம்பார் ஊத்துங்க. என்ன பாக்கீய? எங்க வீட்டுக்காரவ கோட்டுக்குள்ள ஆளு இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சிச்சு. பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்போல இருக்கு" என்றாள், பந்தி முழுக்கக் கேட்க. அன்றைக்கு நேசையா மூன்று தடவை சோறு வாங்கினார்.

மறுநாளிலிருந்து வீட்டில் கிணறு இருக்க, கெசியா குடத்தோடு கீழத்துறைக்கே போனாள். சந்தனமாரி இறங்கிய படியில் அவளும் இறங்கினாள். தெருப்பெண்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். முக்கியமாக பாக்கியசீலன் மனைவி இன்பமணி.

அப்போதெல்லாம் ஓட்டை எல்லார் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும். அடுத்த தேர்தலில் கீழத்தெரு வரிசையாக வந்து, நேசையா முகத்தைப் பார்த்தே பாக்கியசீலன் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிற்று. நேசையா தோற்றார். படுதோல்வி. கோட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடியும் தகரத்தை எடுத்தார். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நாற்காலி ருசி யாரை விட்டது? ஆனால் "அந்தக் கையைத் தூக்காம இருந்திருக்கலாமோ?" என்று அசன் மைதீன் சும்மா சீண்டியபோது, "திருப்பிக் கேளும், ரெண்டு கையும் தூக்குதேன்" என்றார்.

பாக்கியசீலன் மெம்பரானதும் குத்தகைப் பேச்சு மறுபடி கிளம்பிற்று. தோல் வியாபாரி கூடுதலாகத் தரத் தயார். இந்தத் தடவை பிச்சைக்கண்ணு செட்டியாரும் மெம்பர் கிடையாது. துறையை அளக்க நாள் குறித்தார்கள். அந்தக் கோடையோ பொல்லாத கோடை. இரண்டு மழையும் பொய்த்து, கீழத்தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக அடி தட்டிவிட்டன. சகதி வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

அளக்கிற காலை, சேர்மன் வில்வண்டியில் வந்து இறங்கினார். பாக்கியசீலன் புதுக் கோட்டில் முன்னால் நடந்தார், அளவுச் சங்கிலியோடு ஆட்கள் பின்னால் வந்தார்கள். நேசையா முன்னமே வந்துவிட்டார். கரையில் மருதமர நிழலில் நெருப்புச் சட்டியை வைத்து, ஒழுகுகிற குடங்களுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவரால் தடுக்க முடியாது. நாற்காலி இல்லை, ஓட்டுக்குத் தூக்கக் கையும் இல்லை.

துறையில் நிற்க இடமில்லை. ஆற்றங்கரைப் பெண்கள் மட்டுமா? கீழத்தெருப் பெண்கள் அத்தனை பேரும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். கெசியா முன்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், சந்தனமாரியின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் குடத்தை முக்கிக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இன்பமணி!

"ஏய், நீ இங்கன என்ன செய்யுதே?" என்றார் பாக்கியசீலன்.

"பார்த்தாத் தெரியலையா? வீட்டுல உலை வைக்கணும்லா. உங்க விளக்கு வெளிச்சத்தையா ஊத்தி உலை வைக்க?" என்றாள் இன்பமணி, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "அந்தச் சங்கிலியச் சுருட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஒரு பொம்பளையும் கரையேற மாட்டா."

சேர்மன் பெண்களைப் பார்த்தார், பாக்கியசீலனைப் பார்த்தார். ஓட்டுள்ள வீடுகளெல்லாம் தண்ணீரில் நிற்கின்றன. வக்கீல் அல்லவா, கணக்குப் புரிந்தது. "இன்னொரு நாள் பாப்போம்" என்று வண்டியைப் பார்க்க நடந்தார்.

"மெம்பரே!" என்று துறையிலிருந்து சந்தனமாரி கூப்பிட்டாள்.

பாக்கியசீலன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினார். "என்ன?"

"உங்களை இல்ல மொதலாளி" என்றாள் அவள், மரியாதையாக. "எங்க மெம்பரைக் கூப்பிட்டேன். குடம் ஒழுகுது."

மருதமர நிழலில் நேசையா ஈயம் பற்றவைக்கிற கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.